மழை நாட்டு வீட்டுக்கு வினைல் தரை: டிசைன் ஆல்பத்தைத் திறக்கும் முன் ஒரு பாலித்தீன் துண்டு எடுங்கள்

உங்களுக்கு வேலை திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிலோ பெங்களூருவிலோ சென்னை ஓஎம்ஆரிலோ இருக்கலாம். அப்பா, அம்மா இருப்பது போனக்காடு மாதிரி ஒரு மலைத்தோட்டத்தில். இந்த வருஷம் கையில் கொஞ்சம் பணம் வந்திருக்கிறது. அம்மாவுக்கு முட்டி வலி, சிமெண்ட் தரை குளிர்ச்சி ஆகவில்லை. டைல்ஸ் போடலாம் என்றால் மணல், சிமெண்ட், கொத்தனார், பத்து நாள் வீடு முழுக்கத் தூசி. அப்போதுதான் மொபைலில் அந்த வீடியோ வருகிறது. ஒருவர் மரத்தரை மாதிரி இருக்கும் ஒரு சுருளை விரிக்கிறார், கத்தியால் ஓரம் வெட்டுகிறார், ஒரே மதியத்தில் அறை மாறிவிடுகிறது.

வினைல் தரை நல்ல பொருள்தான், சரியான இடத்தில் போட்டால். அந்த இடம் உங்கள் வீடா என்பதை ஒரு நாளில், கிட்டத்தட்ட செலவே இல்லாமல் கண்டுபிடிக்க முடியும். பெரும்பாலானவர்கள் அதைச் செய்வதில்லை. கடைக்காரரும் அதைச் சொல்லித் தருவதில்லை.

போனக்காட்டை உதாரணமாக எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டம் விதுர பஞ்சாயத்தில், அகத்தியர்கூடம் மலைக்கு ஏறும் பாதையின் அடிவாரத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டம் அது. ஜூனில் தொடங்கும் இடவப்பாதி, அக்டோபர், நவம்பரில் துலாவர்ஷம் என இரண்டு மழையும் அங்கே உண்டு. கேரளத்தின் சராசரி ஆண்டு மழை சுமார் 3,000 மிமீ. சென்னையில் சுமார் 1,400 மிமீ. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக இருந்த லயங்கள் பழைய கட்டடங்கள். தோட்டம் நலிந்து, சம்பளம் நின்றுபோய், பலர் மலையிறங்கிவிட்டார்கள். ஒரு தரைவிரிப்புக்கு இதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது. இங்கே தேறினால் குன்னூர், வால்பாறை, மூணாறு எங்கேயும் தேறும். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் தாம்பரத்துத் தரைத்தள வீட்டுக்கும் இதே கணக்குதான்.

வினைல் என்றால் என்ன?

பாலிவினைல் குளோரைடு, அதாவது பிவிசி. உங்கள் வீட்டுக் குழாய் எதனால் ஆனதோ, அதே பொருள். பிவிசி தன்னளவில் விறைப்பானது. 1926-ல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமன் என்ற வேதியியலாளர், அதை எண்ணெய் போன்ற சில திரவங்களோடு சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் மாதிரி வளையும் என்று கண்டுபிடித்தார். அந்தத் திரவங்களுக்கு பிளாஸ்டிசைசர் என்று பெயர். குழாய்க்கும் தரைச் சுருளுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் அதுதான். இந்தப் பெயரை ஞாபகம் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கடையில் மூன்று வகை பார்ப்பீர்கள். ஒன்று, பாய் மாதிரி சுருட்டி வரும் ஷீட். இரண்டு, பசை போட்டு ஒட்டும் மெல்லிய பலகைகள், அதாவது பிளாங்க். மூன்று, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் எஸ்பிசி பலகைகள். இதில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல் பொடி, மீதி பிவிசி. மிதித்தால் கெட்டியாக இருக்கும், விலையும் கூடுதல்.

மலை வீட்டுக்கு வினைல் ஏன் ஆசை காட்டுகிறது என்பது எடைக் கணக்கைப் பார்த்தால் புரியும். 10க்கு 12 அடி அறை, 120 சதுர அடி. தோராயமாக, 2 மிமீ ஷீட் என்றால் 35 கிலோவுக்குள் அடங்கும். 5 மிமீ எஸ்பிசி 110 கிலோ. டைல்ஸ் மட்டும் 220 கிலோ, அதன் அடியில் போடும் ஒன்றரை அங்குலக் கலவை இன்னும் 800 கிலோவுக்கு மேல். வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலையில் ஒரு ஜீப்பில் முன்னதைக் கொண்டுபோய்விடலாம். பின்னதற்கு லாரி வேண்டும்.

‘வாட்டர்ப்ரூஃப் சார்’: பாதி உண்மை

கடையில் முதலில் காதில் விழும் வாக்கியம் இது. “தண்ணி ஊத்துங்க சார், ஒண்ணும் ஆகாது.” ஷீட்டுக்கு ஒன்றும் ஆகாது, சரிதான். மேலிருந்து வரும் தண்ணீரைப் பற்றிய வாக்கு அது. நம் பிரச்சினை கீழிருந்து வருவது.

சிமெண்ட் தரை பார்க்கத்தான் கல் மாதிரி. உள்ளே நுண்ணிய துளைகள். மண்ணில் ஈரம் இருந்தால் அது அந்தத் துளைகள் வழியாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும். அதைத்தான் நம் ஊரில் ஓதம் என்கிறோம். புதிய கட்டடங்களில் தரைக்கு அடியில் ஒரு பாலித்தீன் படலமோ ஓதத்தடுப்பு அடுக்கோ இருக்கும், கான்ட்ராக்டர் ஒழுங்காகப் போட்டிருந்தால். பழைய லயங்களில் அதை எதிர்பார்க்காதீர்கள். மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீடு என்றால் பின்சுவர் பக்கமிருந்தும் ஈரம் தள்ளும்.

தரை திறந்திருக்கும் வரை அந்த ஈரம் ஆவியாகிப் போய்விடுகிறது. நீங்கள் கவனிப்பதுகூட இல்லை. மேலே வினைலை விரித்தால் பானைக்கு மூடி போட்ட மாதிரி. ஈரம் அங்கேயே நிற்கும். முதலில் ஓரங்கள் தூக்கும், ஒட்டிய இடத்தில் கொப்புளம் வரும், பிறகு கறுப்புப் பூசணம். ஈரத்தோடு சிமெண்டின் காரத்தன்மையும் மேலே வருவதால் பசை இளகிவிடும். சில வகை பிளாஸ்டிசைசர்களையும் அந்தக் காரம் சிதைக்கும். அப்போது 2-எத்தில்ஹெக்சனால் என்ற ஆல்கஹால் வெளிவருகிறது. ‘புது வினைல் போட்டு ஒரு வருஷமாச்சு, இன்னும் ஏதோ வாடை வருது’ என்றால் ஷீட்டைக் குறை சொல்வதற்கு முன் அடியில் இருக்கும் ஈரத்தைச் சந்தேகப்படுங்கள்.

பாலித்தீன் பரீட்சை

ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிவான, தடித்த பாலித்தீன் துண்டு. தரையைத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, துண்டை விரித்து நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது துண்டின் உள்பக்கம் நீர்த்துளி இருந்தாலோ, அந்த இடத்தில் சிமெண்ட் கறுத்திருந்தாலோ, ஓதம் இருக்கிறது என்று அர்த்தம். இது கைவைத்தியம் இல்லை. அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம், டி4263 என்ற எண்ணில் எழுதி வைத்திருக்கும் முறை.

ஒரே இடத்தில் செய்து திருப்தி அடையாதீர்கள். நடு அறையில் ஒன்று, மலைப்பக்கச் சுவரை ஒட்டி ஒன்று, குளியலறை அல்லது அடுக்களை வாசல் பக்கம் ஒன்று. வெயில் நேராக விழும் இடம் வேண்டாம்.

அதைவிட முக்கியம், எப்போது செய்கிறீர்கள் என்பது. லீவு கிடைக்கிறதே என்று பிப்ரவரியில் ஊருக்குப் போய்ச் செய்தால் தரை உங்களை ஏமாற்றிவிடும். அந்த மாதத்தில் போனக்காட்டுத் தரையும் காய்ந்திருக்கும். ஜூலையிலோ நவம்பரிலோ, மழை ஒரு வாரம் விடாமல் பெய்த பிறகு செய்யுங்கள். நீங்கள் போக முடியாவிட்டால் அம்மாவிடம் சொல்லி ஒட்டச் சொல்லி, மறுநாள் வீடியோ காலில் பாருங்கள். கோடையில் தேறியது பாதி தேர்ச்சிதான். மழையில் தோற்றால் அதோடு முடிவு.

புது வீட்டுக்கும் இது பொருந்தும். கான்கிரீட் ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் காய வேண்டும் என்பது தரைபோடும் தொழிலில் உள்ள பழைய கணக்கு. 4 அங்குலத் தளம் என்றால் நாலு மாதம், அதுவும் காற்று உலர்ந்த ஊரில். மழை நாட்டில் இன்னும் கூடும். பில்டர் சாவி கொடுத்த மறுவாரமே வினைல் ஒட்டுவது ஈரத்துக்கு மூடி போடுவதுதான்.

தோற்றால் என்ன செய்வது?

வினைல் வேண்டாம். இதை இவ்வளவு நேரடியாகச் சொல்வதற்குக் காரணம், ‘ஓதம் தடுக்கும் பெயிண்ட் ஒரு கோட் அடிச்சா போதும் சார்’ என்று யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள். ஈரத்தைத் தாங்கும் எபாக்சி பூச்சுகள் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் தரையின் மேல்பரப்பைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, சரியான கனத்தில், தெரிந்தவர் போட்டால்தான் அவை நிற்கும். மலைமேல் அப்படி ஒருவரைக் கூட்டி வருவதற்கு டைல்ஸே போட்டுவிடலாம். பழைய தரையின் மேல் 250 மைக்ரான் பாலித்தீன் விரித்து, அதன் மேல் புதிதாகக் கான்கிரீட் போடுவது நிரந்தரத் தீர்வு. அதற்கு மணல், சிமெண்ட், லாரி எல்லாம் வேண்டும். வினைல் தேடி வந்த காரணமே அப்போது போய்விடுகிறது.

செலவு கட்டுப்படாது என்றால் சிமெண்ட் தரையின் விரிசல்களை அடைத்து, மேலே மெருகேற்றி, அம்மா உட்காரும் இடத்தில் கோரைப்பாயோ காலையில் எடுத்து உலர்த்தக்கூடிய விரிப்போ போடுங்கள். போட்டோவில் அழகாக வராது. ஆனால் பூசணம் பிடிக்காது.

கூரை ஒழுகுகிற வீட்டில் தரையைப் பற்றிப் பேசுவதே வீண். தோட்டத் தொழிலாளருக்கு வீடு கட்டித் தந்து பராமரிக்கும் பொறுப்பை 1951-ம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளியின் மேல்தான் வைத்தது. போனக்காடு போன்ற இடங்களில் அந்தப் பொறுப்பு காற்றில் போய், பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் தார்ப்பாய் வாங்கும் நிலை வந்திருக்கிறது. அந்தப் பணத்தில் முதல் செலவு கூரைக்கு இருக்கட்டும்.

தேறிவிட்டால்: எந்த எண்ணைப் பார்ப்பது?

கடைக்காரர் ‘2 எம்எம் சார், கெட்டி’ என்பார். அது மொத்தக் கனம். உங்கள் தரை எத்தனை வருஷம் தாங்கும் என்பதை அது சொல்லாது. அச்சிட்ட மரப்படத்தின் மேல் ஒரு தெளிவான பாதுகாப்புப் படலம் இருக்கிறது, அதற்கு வியர் லேயர் என்று பெயர். அது தேய்ந்தால் படம் தேயும். வீட்டுக்கு 0.3 மிமீ போதும். ஆட்கள் வந்துபோகும் ஹாலுக்கு, அல்லது வீட்டின் ஒரு பகுதியை ஹோம்ஸ்டேவாகக் கொடுக்கிறீர்கள் என்றால் 0.5 மிமீ. 0.15 மிமீக்குக் கீழே உள்ளதை வாடகை வீட்டுக்கு மட்டும் யோசிக்கலாம்.

இங்கே ஒரு குழப்பம் நிறையப் பேரைக் கவிழ்க்கிறது. சில பெட்டிகளில் ‘20 மில்’ என்று இருக்கும். மில் என்பது மில்லிமீட்டர் அல்ல, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 20 மில் என்றால் 0.5 மிமீ. 12 மில் என்றால் 0.3 மிமீ. ‘20’ என்ற எண்ணைப் பார்த்து 2 மிமீ என்று நினைத்துவிடாதீர்கள்.

மெல்லிய வினைல், அடியில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே மேலே காட்டும். பழைய டைல்ஸ் மேல் ஷீட் விரித்தால் சில மாதங்களில் டைல்ஸ் இடுக்குகள் கோடு கோடாகத் தெரிய ஆரம்பிக்கும். இடுக்குகளை முதலில் நிரப்ப வேண்டும். எஸ்பிசி பலகைக்குத் தரை மட்டமாக இருப்பது இன்னும் முக்கியம். 10 அடி நீளத்துக்கு 5 மிமீக்கு மேல் பள்ளம் இருந்தால் நடக்க நடக்கப் பூட்டு உடையும். கொத்தனாரின் மட்டப்பலகையை வைத்து அடியில் இடைவெளியைப் பாருங்கள், போதும்.

ஒட்டுவதா, சும்மா விரிப்பதா? வீடு உங்கள் பெயரில் இல்லையென்றால், அது லயமாக இருந்தாலும் வேளச்சேரி வாடகை வீடாக இருந்தாலும், ஒட்டாதீர்கள். ஓரங்களை இரட்டைப்பக்க டேப்பால் பிடித்து விரித்த ஷீட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம். மழைக்காலத்தில் ஒரு மூலையைத் தூக்கி அடியில் என்ன நடக்கிறது என்றும் பார்க்கலாம். மலை வீட்டுக்கு நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

சுருளை எந்தப் பக்கம் ஓட்டுவது?

ஷீட்டுகள் பெரும்பாலும் 2 மீட்டர் அகலச் சுருளாக வருகின்றன. அதே 10க்கு 12 அடி அறை, மீட்டரில் சுமார் 3.05க்கு 3.66. சுருளை 12 அடிப் பக்கம் நீளவாக்கில் ஓட்டினால் 3.66 மீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு வேண்டும். நீங்கள் வாங்குவது சுமார் 158 சதுர அடி. அதையே குறுக்கே, 10 அடிப் பக்கமாக ஓட்டினால் 3.05 மீட்டரில் இரண்டு துண்டு. சுமார் 131 சதுர அடி. அறை ஒன்றுதான். வித்தியாசம் 26 சதுர அடிக்கு மேல். சதுர அடி 60 ரூபாய் என்று வைத்தால்கூட சுமார் 1,600 ரூபாய், அதுவும் வெட்டிக் குப்பையில் போடுவதற்கு. ஓரம் வெட்டச் சில அங்குலம் இரண்டுக்கும் கூட்டிக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் அறையை வரைந்து இதைப் போட்டுப் பாருங்கள். ‘10 சதவீதம் வேஸ்டேஜ் சேர்த்துக்கங்க’ என்ற பொதுக்கணக்கு இதைக் காட்டாது.

நம் வீட்டுப் பழக்கங்களுக்கு ஒத்துவருமா?

வெள்ளிக்கிழமை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வீடு கழுவும் அம்மாவா? அப்படியென்றால் பூட்டிக்கொள்ளும் பலகை வேண்டாம். பலகைக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் சுவரோரத்து இடைவெளி வழியாக அடியில் போன தண்ணீர் திரும்பி வராது. துடைப்பது மட்டும்தான் என்றால் பிரச்சினை இல்லை.

குத்துவிளக்கு, கற்பூரம், சாம்பிராணிக் கரி: ஒரு கங்கு விழுந்தால் வினைல் உருகிப் பழுப்புத் தழும்பாகும், அது போகாது. பூஜை மூலையில் ஒரு கல் பலகை வையுங்கள். கேஸ் சிலிண்டரை இழுப்பதும் ஆட்டுரலை உருட்டுவதும் ஷீட்டைக் கிழிக்கும். ரப்பர் அடிப்பாகம் கொண்ட மிதியடி மாதக்கணக்கில் ஒரே இடத்தில் கிடந்தால் ரப்பரில் உள்ள ரசாயனம் வினைலில் இறங்கி மஞ்சள் கறை விழும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பருத்தி மிதியடி போடுங்கள்.

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் பளபளப்பான வினைல் ஆபத்து. மலையில் காலைநேர ஈரப்பதம் தரையில் படியும்போது வழுக்கும். வழுக்குத் தடுப்பு மதிப்பு ‘ஆர்10’ அல்லது அதற்கு மேல் என்று பெட்டியில் இருக்கிறதா பாருங்கள்.

உள்ளே என்ன கலந்திருக்கிறது?

முதலில் சொன்ன பிளாஸ்டிசைசருக்கு வருவோம். பல காலமாக மலிவாகக் கிடைத்தவை தாலேட் வகைகள். அவை பிவிசியோடு வேதிப்பிணைப்பில் இல்லாததால் மெல்ல மெல்ல வெளியேறி வீட்டுத் தூசியில் சேர்கின்றன. தரையில் தவழும் குழந்தை அந்தத் தூசியைக் கையிலும் வாயிலும் எடுத்துக்கொள்கிறது. சுவீடனில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வு, படுக்கையறைத் தூசியில் இருந்த சில தாலேட்டுகளுக்கும் குழந்தைகளின் ஆஸ்துமா, ஒவ்வாமைக்கும் தொடர்பைக் கண்டது. தொடர்பு என்பது காரணம் என்று நிரூபணமாகாது, இதைச் சொல்வது என் தொழில். ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியம் காத்திருக்கவில்லை. நான்கு தாலேட்டுகள் எடையில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு 2020 ஜூலை முதல் வீட்டு உபயோகப் பொருள்களுக்கு வந்தது. தரைவிரிப்பும் அதில் அடங்கும். அமெரிக்காவில் சட்டம் வருமுன்பே ஹோம் டிப்போ போன்ற பெரிய கடைகள் 2015-ல் தாலேட் சேர்த்த வினைல் தரைகளை விலக்கின.

இந்தியாவில் பொம்மைகளுக்கு இருக்கும் கட்டாயத் தரத்தில் தாலேட் வரம்பு உண்டு. பிவிசி குழாய்களில் ஈயம் சேர்ப்பதைக் கட்டுப்படுத்த 2021-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விதிகள் கொண்டுவந்தது. அந்த விதிகளின் பெயரிலேயே குழாய்களும் இணைப்புகளும் மட்டும்தான் இருக்கின்றன, தரை இல்லை. குழந்தை கையில் பிடிக்கும் பொம்மைக்கு வரம்பு உண்டு, அது தவழும் தரைக்கு அந்த வரம்பு பொருந்தாது.

ஆகவே கேட்பது உங்கள் வேலையாகிறது. ‘ஆர்த்தோ தாலேட் இல்லை, ஈய ஸ்டெபிலைசர் இல்லை’ என்று தயாரிப்பாளரின் தகவல் தாளில் எழுத்தில் இருக்கிறதா? ‘ஃப்ளோர்ஸ்கோர்’ முத்திரையைக் காட்டினால் அது நல்லதுதான், ஆனால் அது காற்றில் வெளியாகும் ஆவிகளை அளக்கும் சான்றிதழ். தாலேட் இல்லை என்பதற்கான உத்தரவாதம் அல்ல. பெயரில்லாத ரோல், பில் இல்லாத விலை என்றால் குழந்தை இருக்கும் வீட்டுக்கு வாங்காதீர்கள். மறுசுழற்சி பிவிசி என்று பெருமையாகச் சொன்னால் இன்னும் கூடுதலாகக் கேளுங்கள். பழைய பிவிசியில் ஈயம் இருந்திருக்கலாம். விரித்த முதல் சில நாள்கள் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

கடைசியாக, வெட்டிய ஓரத் துண்டுகள். மலையில் குப்பை என்றால் கொல்லைப்புறத்தில் தீ வைப்பதுதான் பழக்கம். பிவிசியின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். எரித்தால் மூக்கையும் நுரையீரலையும் அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், டையாக்சின்களும் உருவாகும். போனக்காட்டைச் சுற்றி இருப்பது பேப்பாறை சரணாலயமும் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகமும். துண்டுகளைச் சுருட்டிக் கட்டி, பஞ்சாயத்தின் ஹரித கர்மசேனை எடுக்குமா என்று வேலை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் சுருளைக் கொண்டுவந்த அதே ஜீப்பில் கீழே அனுப்பிவிடுங்கள்.